கொல்லைப்புற ஆன்டெனா கம்பம்: ஜிஐ பைப்பா, அலுமினியமா, ஃபைபரா?

புதுஅலை · ஜூன் 3, காலை 7:20

அமெச்சூர் ரேடியோ ஆன்டெனாவுக்காக கொல்லையில 9 மீட்டர் கம்பம் நடணும். உச்சியில ரெண்டு மீட்டர் அலைநீளத்துக்கான யாகி (ஒரு தண்டுல குறுக்கே பல குச்சிகள் நிக்கிற ஆன்டெனா), அதுக்குக் கீழ 40 மீட்டர் அலைநீளத்துக்கான இன்வர்ட்டட் வீ (நடுவுல தூக்கி ரெண்டு பக்கமும் சரிவா இறங்குற கம்பி ஆன்டெனா). 6 மீட்டர்ல ஒரு செட் ஸ்டே கம்பி (கம்பம் சாயாம தரைக்கு இழுத்துக் கட்டுறது). தண்ணிக்குப் போடுற ஒன்றரை இஞ்ச் ஜிஐ (துத்தநாகம் பூசின இரும்பு) பைப் ஒரு முழு நீளம், அது மேல சாக்கெட் போட்டு முறுக்கி இன்னொரு 3 மீட்டர். இரும்புதானே, ஒண்ணும் ஆகாதுன்னு நினைக்கிறேன். அலுமினியம் வளைஞ்சுடும், ஃபைபர் வெயில்ல போயிடும், மூங்கில் அழுகிடும். சரிதானா?

முக்கால்இஞ்ச் · ஜூன் 3, இரவு 9:05

பைப் பரவாயில்லை. சாக்கெட் வேண்டவே வேண்டாம்.

ஒன்றரை இஞ்ச் மீடியம் பைப்போட வெளிவிட்டம் 48.3 மிமீ, சுவர் கனம் 3.2 மிமீ. அதுல மரை வெட்டினா பல்லுக்கு அடியில மிஞ்சுற இரும்பு ஒன்றரை மிமீக்கும் கொஞ்சம் குறைவு. பாதிதான் போச்சுன்னு தோணும். ஆனா போனது வெளிப்பக்கத்துப் பாதி, வளைவை எதிர்த்து நிக்கிறதே அந்த வெளிப்பக்கம்தான். செக்‌ஷன் மாடுலஸ்னு சொல்ற எண் முழுப் பைப்புக்கு 4.8 கன செமீ, மரை அடியில 2.1. பாதிகூட இல்லை. போதாக்குறைக்கு ஒவ்வொரு பல்லின் அடியும் ஒரு கீறல் மாதிரி. விரிசல் அங்கேதான் பிறக்கும். மரை வெட்டின இடத்துல துத்தநாகமும் போயிடுது, துரு பிடிக்கிற முதல் இடமும் அதுவே. சாக்கெட் போட்ட கம்பம் முறிஞ்சா, சாக்கெட்டை ஒட்டி வெளியே தெரியுற முதல் மரையிலதான் முறியும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒண்ணு இருக்கு. பைப் 6 மீட்டர் நீளம், ஸ்டேயும் 6 மீட்டர்ல. அப்போ உங்க சாக்கெட் சரியா ஸ்டே வளையத்துக்கிட்ட வந்து உக்காருது. கம்பத்துலயே அதிகமா வளையுற இடம் அது. நாளைக்குக் கணக்கோட எழுதறேன்.

முக்கால்இஞ்ச் · ஜூன் 4, காலை 6:40

கணக்கு. மணிக்கு 120 கிமீ காத்துன்னு வெச்சுக்கோங்க, அதாவது வினாடிக்கு 33.3 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தை 0.613 ஆல பெருக்கினா சதுர மீட்டருக்கு 681 நியூட்டன் அழுத்தம். உருண்டைக் குழாய்க்கு இழுவைக் கெழு (வடிவத்தைப் பொறுத்து காத்து எவ்வளவு தள்ளும்னு சொல்ற எண்) 1.2.

உச்சியில 0.3 சதுர மீட்டர் ஆன்டெனான்னா விசை 245 நியூட்டன். அது ஸ்டேக்கு 3 மீட்டர் மேல இருக்கு, அதனால திருப்புத்திறன் (விசையைத் தூரத்தால பெருக்கினது, கம்பத்தை வளைக்கப் பார்க்கிறது) 735 நியூட்டன் மீட்டர். அந்த 3 மீட்டர் பைப் மேலயே படுற காத்து 118 நியூட்டன், அது 1.5 மீட்டர்ல செயல்படுறதால 178. மொத்தம் 913. முழுப் பைப்புல தகைவு, அதாவது திருப்புத்திறனை மாடுலஸால வகுத்தா இரும்புல வர்ற அழுத்தம், 190 மெகாபாஸ்கல். தண்ணிப் பைப் இரும்பு 195லயே நிரந்தரமா வளைய ஆரம்பிக்கிற ரகம். அதாவது முழுப் பைப்பே விளிம்புலதான் நிக்குது. மரையில 430க்கு மேல.

புதுஅலை · ஜூன் 4, பகல் 1:15

0.3 சதுர மீட்டரா? என் யாகி அஞ்சு எலிமெண்ட் (குறுக்குக் குச்சி), பூம் (நடுத்தண்டு) ஒன்றரை மீட்டர் சார். ரோட்டேட்டர் (ஆன்டெனாவைத் திருப்புற மோட்டார்) கிடையாது.

முக்கால்இஞ்ச் · ஜூன் 4, இரவு 10:30

அப்போ என் கணக்கு உங்களுக்கு ரொம்ப அதிகம். திருத்திக்கிறேன். அந்த யாகிக்கு 0.1 தாராளமாப் போதும். உச்சி விசை 82 நியூட்டன், திருப்புத்திறன் 245, பைப்போட 178 சேர்த்து 423. முழுப் பைப்புல 88 மெகாபாஸ்கல், ரெண்டு மடங்குக்கு மேல பாதுகாப்பு. மரையில பார்த்தா 201. சின்ன ஆன்டெனாவுக்கே மரை தன் வரம்பைத் தாண்டிடுது. சாக்கெட் வேண்டாம்னு சொன்னதுல மாற்றம் இல்லை.

இணைப்பை எங்க வைக்கணும்னா, கீழ்ப் பைப்பை 4 மீட்டரா வெட்டுங்க, மேல்பைப் 5 மீட்டர். ஸ்டே 6 மீட்டர்லயே இருக்கட்டும். ஸ்டேக்கு மேல இருக்கிற பாகம் கம்பத்தை ஒரு பக்கம் வளைக்கும், ஸ்டேக்கும் தரைக்கும் நடுவுல அடிக்கிற காத்து எதிர்ப்பக்கம் வளைக்கும். 4 மீட்டர் உயரத்துல ரெண்டும் பெரும்பாலும் கழிஞ்சு 124 நியூட்டன் மீட்டர்தான் மிஞ்சுது. ஸ்டே வளையத்துல இருக்கிறதுல மூணுல ஒரு பங்குகூட இல்லை. அதே பைப், அதே காத்து. இணைப்பு ரெண்டு மீட்டர் இறங்கினதுக்கே இவ்வளவு வித்தியாசம்.

ஈரக்கயிறு · ஜூன் 5, காலை 8:00

சாக்கெட் இல்லாம எப்படி இணைக்கிறது? ஒன்றேகால் இஞ்ச் பைப்பை உள்ள செருகலாம்னு பார்த்தா போக மாட்டேங்குது.

முக்கால்இஞ்ச் · ஜூன் 5, இரவு 9:20

போகாது. ஒன்றேகால் இஞ்ச் பைப்போட வெளிவிட்டம் 42.4, ஒன்றரை மீடியம் பைப்போட உள்விட்டம் 41.9. அரை மிமீ இடிக்கும். ரெண்டு வழி இருக்கு.

ஒண்ணு, ஒன்றேகால் பைப்புல 600 மிமீ துண்டு எடுத்து லேத்துல 41.5க்கு இறக்குங்க. வெளிப் பைப்போட உள்ளே நீளவாக்குல வெல்டிங் தடம் ஓடும், அதை அரத்தால ராவி எடுக்காம செருகினா பாதியில இறுகி நிக்கும். கிரீஸ் தடவி மேல 300, கீழ 300 போகணும். அந்தத் துண்டோட மாடுலஸ் 3.0 கன செமீ, மரையைவிடக் கூடுதல்.

இன்னொண்ணு, ரெண்டு இஞ்ச் ஹெவி பைப்பை வெளி உறையாப் போடுறது. உள்விட்டம் 51.3, சுத்தி 1.5 மிமீ இடைவெளி வரும். 1.5 மிமீ ஜிஐ தகட்டைச் சுத்தி அந்த இடத்தை நிரப்பணும். நிரப்பாம போல்ட்டை மட்டும் முறுக்கினா காத்துல தட்டித் தட்டி ஓட்டை பெரிசாகும். உறையோட மேல்வாய்ல தண்ணி தேங்கும், சிலிக்கான் பூசி மூடுங்க. எனக்கு உள்செருகல்தான் பிடிச்சது, தண்ணி தேங்க இடமே இல்லை.

துளை விஷயத்துல கவனம். இணைப்புல குறுக்கே 8 மிமீ போல்ட் ஒண்ணு போட்டா அது நழுவாம பிடிக்கத்தான், சுமை தாங்க இல்லை. ஸ்டே வளையத்துக்கிட்டயோ யாகி கிளாம்ப்கிட்டயோ துளையே போடாதீங்க. 48.3 பைப்புல 10 மிமீ துளை இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போனா, அந்தத் திசையில விறைப்பு 28 சதவீதம் குறையுது. காத்து எல்லாத் திசையிலயும் அடிக்கும்.

முக்கால்இஞ்ச் · ஜூன் 6, காலை 6:15

பைப் பத்தி விட்டுப்போனது. சாரம் கட்டுற பைப்பும் 48.3 மிமீதான், பார்க்க ஒண்ணு போலவே இருக்கும். ஆனா அந்த இரும்பு 235 மெகாபாஸ்கல் ரகம். கிடைச்சா அதையே எடுங்க. பழசா இருந்தா நீளவாக்குல கண்ணை வெச்சுப் பாருங்க. கிளாம்ப் கடிச்ச பள்ளம், லேசான வளைவு இருந்தா ஒதுக்குங்க.

கனத்தைக் கூட்டுறதைவிட விட்டத்தைக் கூட்டுறது லாபம். 60.3 × 2.5 பைப்பும் 48.3 × 3.2 பைப்பும் மீட்டருக்கு ஒரே எடை, 3.56 கிலோ. ஆனா 60.3க்கு மாடுலஸ் 6.3, வலு 31 சதவீதம் அதிகம். விறைப்பு 64 சதவீதம் அதிகம். காத்துக்குக் காட்டுற பரப்பு கால்பங்கு கூடுறதைக் கழிச்சாலும் லாபம்தான்.

முக்கால்இஞ்ச் · ஜூன் 6, இரவு 8:50

காலையில எழுதினதுக்கு ஒரு தடை. 2.5 மிமீ சுவர்ல துரு அரை மிமீ தின்னா அஞ்சுல ஒரு பங்கு போச்சு. யு போல்ட்டை அழுத்தி முறுக்கினாலும் மெல்லிய சுவர் சப்பையாகும். அதனால 60.3 × 2.5 எடுத்தா ரெண்டு விஷயம் கட்டாயம். கிளாம்ப் வர்ற இடத்துல உள்ளே ஒரு குழாய்த் துண்டு இருக்கணும். துத்தநாகம் உருக்கிய தொட்டியில முக்கி எடுத்ததா இருக்கணும். தகட்டுல முன்னாடியே பூசி அப்புறம் சுருட்டிச் செஞ்ச பைப்புல பூச்சு 20 மைக்ரான் அளவுதான், வெல்டிங் தடத்துல அதுவும் இருக்காது. முக்கி எடுத்ததுல 50க்கு மேல. கடலை ஒட்டின உப்புக் காத்துல துத்தநாகம் வருஷத்துக்கு 4 முதல் 8 மைக்ரான் வரை கரையும். வகுத்துப் பார்த்துக்கோங்க.

ஈரக்கயிறு · ஜூன் 7, மாலை 5:30

அலுமினியம் வளைஞ்சுடும்னு அவர் சொன்னதுக்கு யாரும் பதில் சொல்லலையே.

முக்கால்இஞ்ச் · ஜூன் 7, இரவு 10:10

சொல்றேன், இது நிதானமாச் சொல்ல வேண்டியது.

அலுமினியத்தோட விறைப்பு இரும்புல மூணுல ஒண்ணு, 200க்கு 69 கிகாபாஸ்கல். இதே 48.3 × 3.2 அளவுல எடுத்தா உச்சி 5 செமீ அசையுற காத்துல 14 செமீ அசையும். ரெண்டு மீட்டர் யாகிக்கு அது ஒரு பொருட்டே இல்லை, காத்து நின்னதும் நேரா வந்துடும். வளைஞ்சபடியே நின்னுடுமாங்கிறதுதான் கேள்வி. அதை முடிவு பண்றது கலவையும் டெம்பரும் (உலோகத்தைப் பதப்படுத்தின விதம்). ஜன்னல் சட்டம் செய்யுற 6063-டி5, 145 மெகாபாஸ்கல். 6061-டி6, 240. கடையில வெறும் அலுமினியப் பைப்னு தந்தா அது பெரும்பாலும் முதல் ரகம்தான்.

ஆனா அலுமினியத்தை இரும்பு அளவுல வாங்குறதே தப்பு. 60 மிமீ விட்டம், 4 மிமீ சுவர், சாதா 6063-டி5 எடுத்துக்கோங்க. தாங்குற திருப்புத்திறன் 1,340 நியூட்டன் மீட்டர், உங்க ஜிஐ பைப்புக்கு 935. விறைப்பு அதுல 82 சதவீதம். எடை மீட்டருக்கு 1.9 கிலோ, 9 மீட்டருக்கு 17 கிலோ. இரும்பு 32 கிலோ. பாதி எடையில வலு கூடவே கிடைக்குது. அடிக்கடி இறக்கி ஏத்துறவங்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

வெல்டிங் மட்டும் வேண்டாம். டி6 அலுமினியத்துல வெல்டு பட்ட இடத்தைச் சுத்தி வலு ஏறக்குறைய பாதியாயிடும், கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. எல்லாமே கிளாம்ப்.

புதுஅலை · ஜூன் 8, காலை 7:00

அலுமினியத்துல இரும்பு யு போல்ட் போட்டா அரிக்காதா?

முக்கால்இஞ்ச் · ஜூன் 8, காலை 7:45

துத்தநாகம் பூசின போல்ட் நல்லாவே ஒத்துப்போகும். ஸ்டெயின்லெஸும் போடலாம், பெரிய அலுமினியம், சின்ன ஸ்டெயின்லெஸ், அதனால அரிப்பு பரவலா மெதுவாத்தான் நடக்கும். நட்டு இறுகி ஒட்டிக்காம இருக்க மரைக்கு ஆன்டிசீஸ் தடவுங்க. செம்புதான் எதிரி. எர்த் செம்புக் கம்பியை ஜிஐ மேலயோ அலுமினியம் மேலயோ நேரா வெச்சுக் கட்டாதீங்க, நடுவுல ஸ்டெயின்லெஸ் தகடு வையுங்க. செம்பு மேல பட்ட மழைத்தண்ணி கம்பத்து மேல சொட்டினாலே துத்தநாகம் கரையும். அதனால எர்த் இணைப்பு கம்பத்தோட அடியில இருக்கட்டும்.

ஈரக்கயிறு · ஜூன் 9, இரவு 9:00

ஃபைபர், மூங்கில், பிவிசி மூணையும் நான் எழுதறேன்.

பிவிசி கம்பத்துக்கு ஆகாது. விறைப்பு 3 கிகாபாஸ்கல், வெயில் ஏறினா அதுவும் இறங்கும். மணலோ கான்கிரீட்டோ நிரப்பினா எடைதான் கூடும். கோஆக்ஸ் (ஆன்டெனாவுக்குப் போற கேபிள்) சுத்துற காயிலுக்கு உருளையா வெச்சுக்கலாம்.

மூங்கில் 6 மீட்டர் வரைக்கும் கம்பி ஆன்டெனாவுக்கு நல்ல பொருள். காய்ஞ்சதா இருக்கணும், பச்சையா நட்டா காய்ஞ்சு வெடிக்கும். ஆணி அடிக்காதீங்க, போல்ட் துளை போடாதீங்க, நார் வழியே ஒரே கோடா பிளந்துடும். எதைக் கட்டினாலும் கணுவுக்கு மேல கயிறால கட்டுங்க, கணு நழுவ விடாது. மண்ணுல நேரா புதைச்சா முதல்ல அழுகுறது தரைமட்டம். ஒரு மீட்டர் இரும்புக் கட்டையை நட்டு, மூங்கிலை தரையில இருந்து ஒரு சாண் தூக்கி அதோட சேர்த்துக் கட்டுங்க.

ஃபைபர் மடக்குக் கம்பம் வாங்கினா அது கண்ணாடியிழைதானான்னு பாருங்க. கார்பன் இழை மின்சாரம் கடத்தும், உள்ளேயோ ஒட்டியோ கம்பி ஓட்டினா ஆன்டெனா கெட்டது. துண்டுகள் உள்ள இறங்காம இருக்க ரப்பர் சுத்தி ஹோஸ் கிளிப் போடுங்க, ரப்பர் இல்லாம முறுக்கினா மெல்லிய சுவர் நசுங்கும். வெயில்ல மேல்பூச்சு போய் இழை நீட்டிட்டு வந்தா கையில குத்தும். அதுக்கு முன்னாடியே பெயிண்ட் அடிச்சுடுங்க. உலோகத் தூள் கலந்த வெள்ளிப் பெயிண்ட் வேண்டாம்.

முக்கால்இஞ்ச் · ஜூன் 9, இரவு 9:40

இதோட ஒண்ணு சேர்க்கணும். யாகியை எஃப்எம்முக்காக நெட்டுக்குத்தா வைக்கப் போறீங்கன்னா, உலோகக் கம்பம் எலிமெண்ட்டுகளுக்கு இணையா அவற்றுக்கு நடுவுல ஏறும், அலை வடிவமே கலைஞ்சுடும். உச்சி ஒன்றரை மீட்டரை மட்டும் கெட்டியான ஃபைபர் குழாயாப் போடுங்க, இல்லேன்னா பூமைப் பின்முனையில பிடிங்க. கோஆக்ஸும் பூம் வழியே பின்னால போய்த்தான் இறங்கணும். படுக்கையா வெச்சா இந்தக் கவலை இல்லை.

புதுஅலை · ஜூன் 11, காலை 6:50

நெட்டுக்குத்துதான். அப்போ உச்சி ஃபைபர். ஸ்டேக்கு நைலான் கயிறு போதுமா? எவ்வளவு தூரத்துல முளை அடிக்கணும்?

முக்கால்இஞ்ச் · ஜூன் 11, இரவு 10:00

நைலான் நீளும், நனைஞ்சா இன்னும் நீளும். பாலிப்ரோப்பிலீன் வெயில்ல பொடியாகும். கயிறுன்னா கறுப்பு பாலியெஸ்டர். இன்வர்ட்டட் வீ கம்பிக்குப் பக்கத்துல போறதால உங்களுக்கு கயிறுதான் நல்லதும்கூட. இரும்புக் கம்பி போட்டா முட்டை இன்சுலேட்டர் வெச்சுத் துண்டு துண்டா பிரிக்கணும். அதுல ரெண்டு கம்பியும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோர்த்து வளையமாப் போகணும். அப்போதான் பீங்கான் உடைஞ்சாலும் ஸ்டே அறுந்து விழாது.

மூணு ஸ்டே, 120 டிகிரி இடைவெளி. முளை தூரம் ஸ்டே உயரத்துல 60 சதவீதம், உங்களுக்கு 3.6 மீட்டர். இந்தக் காத்துக்கு வளையத்துல பக்கவாட்டு விசை கிட்டத்தட்ட 390 நியூட்டன் வரும். 3.6 மீட்டர்ல முளைன்னா கயிறு இழுப்பு 750. இடம் இல்லைன்னு 1.8க்குக் கொண்டுவந்தா 1,350. அந்த இழுப்பு கம்பத்தைக் கீழே அமுக்கவும் செய்யும்.

கம்பி முடிச்சுக்கு யு கிளிப் போடும்போது சேணம் மாதிரி இருக்கிற வார்ப்புத் துண்டு சுமை தாங்குற நீள் கம்பி மேல உக்காரணும், வளைஞ்ச யு பாகம் வெட்டின வால் மேல. மாத்திப் போட்டா யு கம்பியை நசுக்கி, தாங்குற பலம் பாதிக்குக் கிட்ட இறங்கிடும். சுமை ஏறின மறுநாள் நட்டை ஒருமுறை முறுக்குங்க, கம்பி ஒடுங்கியிருக்கும்.

முக்கால்இஞ்ச் · ஜூன் 12, காலை 6:20

இழுவிசை பத்திக் கேட்டு ஒருத்தர் தனியா எழுதியிருந்தார்: அறுபடும் பலத்துல 10 சதவீதம் இழுத்துக் கட்டணும்னு சொல்றாங்களே. அது கனமான டவருக்கான விதி. இங்க அப்படியே போட்டா ஆபத்து. 4 மிமீ இரும்புக் கம்பி சுமார் 9 கிலோநியூட்டன்ல அறும்; பத்து சதவீதம் 0.9, மூணு கம்பியும் சேர்ந்து கம்பத்தை 2.3 கிலோநியூட்டன் அமுக்கும். 48.3 × 3.2 அலுமினியம் 6 மீட்டர் நீளத்துல 2.2லயே புடைச்சு வளைஞ்சுடும். காத்தே அடிக்கல, ஸ்டேயே கம்பத்தை மடக்கிடுச்சு. இரும்புல அந்த எண் 6.3, 60 × 4 அலுமினியத்துல 5க்கு மேல. தொய்வு போற அளவுக்கு இழுத்தாப் போதும், கையால ஆட்டினா லேசா ஆடணும்.

ஈரக்கயிறு · ஜூன் 13, பகல் 12:10

எல்லாத்துக்கும் முன்னாடி மின்கம்பி. கம்பத்தோட முழு நீளம், யாகி, ஃபைபர் எல்லாம் சேர்த்து எந்தப் பக்கம் சாஞ்சாலும் மின்கம்பியைத் தொடக்கூடாது. தொடும்னா அந்த இடத்துல கம்பம் நடக்கூடாது. ஃபைபர்னாலும் கூடாது, கோஆக்ஸ் செம்புதான்.

முக்கால்இஞ்ச் · ஜூன் 14, இரவு 9:30

ஆமா. அதுக்கு அப்புறம்தான் மத்ததெல்லாம்.

அடி. ஸ்டே போட்ட கம்பத்தை கான்கிரீட்ல புதைக்கத் தேவையே இல்லை. ரெண்டு ஆங்கிளை கான்கிரீட்ல நிறுத்தி, நடுவுல கம்பத்தை வெச்சு 16 மிமீ போல்ட் ஒண்ணை கீலாப் போடுங்க. இந்த இடத்துல வளைவு கிடையாது, துளை போடலாம். கம்பத்தோட அடி தரைக்கு ஒரு சாண் மேல இருக்கணும், வாய் திறந்திருக்கணும். உச்சியை மூடுங்க, அடியை மூடாதீங்க. உள்ள ஊறுற தண்ணி வெளிய போகணும். கான்கிரீட் மேல்பரப்பு வெளிப்பக்கம் சரிவா இருக்கட்டும்.

தூக்குறது. 32 கிலோ இரும்பும் உச்சியில 3 கிலோவும் படுத்த நிலையில கீலைச் சுத்தி 171 கிலோ மீட்டர் திருப்பு. 3 மீட்டர் ஊன்றுகழி நிறுத்தி, 5 மீட்டர் தள்ளி தரையில இருந்து இழுத்தா ஆரம்ப இழுப்பு 66 கிலோ வரும். 60 × 4 அலுமினியத்துக்கு 40. மேல ஏற ஏற குறையும். கடைசியில கம்பம் தானே மறுபக்கம் சாயப் பார்க்கும், அதனால எதிர்ப்பக்கம் ஒரு கயிறு ஆள் கையில இருக்கணும்.

பக்கத்து ஸ்டே ரெண்டையும் தூக்கும்போது கட்டியே வைக்கணும்னா அந்த முளைகள் கீல் போல்ட்டோட நேர்கோட்டுல, அதே மட்டத்துல இருக்கணும். முளை கோட்டை விட்டு விலகினா ஏறும்போது கயிறு ஒரு கட்டத்துல விறைச்சுக் கம்பத்தை வளைக்கும், இல்ல தொய்ஞ்சு கம்பம் பக்கவாட்டுல போகும். மூணு ஸ்டே 120 டிகிரியில இது அமையாது. மடக்குற கம்பத்துக்கு நாலு ஸ்டே, 90 டிகிரியில போடுங்க. முன்னாடி மூணுன்னு எழுதினதை இப்படித் திருத்திக்கோங்க.

புதுஅலை · ஜூன் 16, காலை 7:10

முடிவு பண்ணிட்டேன். 60 × 4 அலுமினியம் 7.5 மீட்டர், உச்சி ஒன்றரை மீட்டர் ஃபைபர், நாலு பாலியெஸ்டர் ஸ்டே, கீல் அடி, டர்ன்பக்கிள் (முறுக்கி ஸ்டேயை இறுக்குற கொக்கி) நாலு. கயிறை டர்ன்பக்கிள் கண்ணுல நேரா முடிச்சுப் போட்டுடலாமா?

முக்கால்இஞ்ச் · ஜூன் 16, இரவு 8:40

கண்ணுல திம்பிள் (வளைஞ்ச பள்ளமான உலோக வளையம்) வெச்சு அது மேல கயிறைச் சுத்துங்க, இல்லேன்னா விளிம்பு அறுக்கும். ஃபைபர் துண்டு அலுமினியத்துக்குள்ள 450 மிமீயாவது போகணும், அதனால துண்டை 2 மீட்டரா வாங்குங்க. குழாயோட மேல் விளிம்பை அரத்தால உருட்டுங்க. ஃபைபர் முறிஞ்சா அந்த விளிம்புலதான் முறியும். டர்ன்பக்கிள் முறுக்கி முடிச்சதும் ரெண்டு கண்ணையும் சேர்த்து எட்டு வடிவத்துல கம்பி கட்டிடுங்க, இல்லேன்னா காத்து அதிர்வுல தானே கழண்டுக்கும்.